காகிதம் கைக்கு வந்தபின் கையெழுத்து: தலைப்பாகையோடு அமெரிக்கத் தரைப்படையில் சேர்வது எப்படி

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கழகத்தில் சேர்ந்தபோது சீக்கியரான சிம்ரத்பால் சிங் தம் கேசத்தை வெட்டி, தாடியை மழித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2010இல் பட்டம் பெற்றார், ஆப்கானிஸ்தானில் பணியாற்றினார், வெண்கல நட்சத்திரப் பதக்கமும் பெற்றார். ஆனால் தலைப்பாகையும் தாடியுமாகச் சீருடை அணிய அவருக்கு முதன்முதலாகத் தற்காலிக அனுமதி கிடைத்தது 2015 டிசம்பரில்தான். அது நிரந்தரமாக 2016 மார்ச் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. இந்த வழிகாட்டி முழுவதும், முதல் நாளில் அவர் கையில் இல்லாமல் போன ஒரு தாளை, அந்த அனுமதியை எழுத்தில் தரும் ஆணையைப் பற்றியதே.

அமெரிக்கத் தரைப்படையில் சேர விரும்பும் சீக்கிய இளைஞரையும், அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து உடன் நிற்கும் நண்பரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்தியத் தரைப்படையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்கு வரும் சீக்கியப் பயிற்சியாளர் தலைப்பாகைக்காக எவரிடமும் மனுப் போடுவதில்லை. அமெரிக்காவிலோ அது படை விதியிலிருந்து பெறும் ஒரு விலக்கு. எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். அங்குள்ள தமிழருக்கும் இதில் ஒரு பயன் உண்டு. 2022இல் வயோமிங் மாநிலத்தில் பணியாற்றிய விமானப்படை வீரர் தர்ஷன் ஷா, சீருடையோடு நெற்றியில் திலகமிட அனுமதி பெற்றார். திருநீறோடு பணி செய்ய விரும்புகிறவர் நடக்க வேண்டிய பாதையும் அதுவே.

முதலில் எதையெல்லாம் கேட்பது என்று பட்டியலிட்டுக்கொள்ள வேண்டும்

1699ஆம் ஆண்டு வைசாகியன்று அனந்தபூர் சாகிபில் குரு கோவிந்த் சிங் கால்சா என்னும் சீக்கியத் திருக்கூட்டத்தை நிறுவியதிலிருந்து வழங்கிவரும் ஐந்து அடையாளங்கள், கேசம், கங்கா என்னும் சீப்பு, கடா என்னும் இரும்பு வளை, கச்சேரா என்னும் அரைக்கால்சட்டை, கிர்பான் என்னும் குறுவாள் ஆகியவை. படை விதிகளின் பார்வையில் இவை ஐந்தும் ஒரே கனமுள்ளவை அல்ல. சீப்பு கொண்டைக்குள் மறைந்துவிடும், கச்சேரா சீருடைக்குள் மறைந்துவிடும். இவற்றால் சிக்கல் எழுவது அரிது. கடா ஒரு மணிக்கட்டு வளை என்ற கணக்கில் பெரும்பாலும் எளிதாகவே தீர்ந்துவிடும். தொல்லையெல்லாம் வெட்டாத தலைமுடி, மழிக்காத தாடி, அவற்றின் மேல் கட்டும் தலைப்பாகை ஆகிய மூன்றைச் சுற்றியே. கிர்பானைத் தனியாக, அளவும் அணியும் விதமும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 'என் மத அடையாளங்கள் அனைத்தும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், பெயர் சொல்லாத ஒன்று பின்னால் தகராறுக்கு இடமாகிவிடும்.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது

விண்ணப்பிப்பவர் வழக்கறிஞராக வேண்டியதில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பது பேச்சுக்குத் தெம்பு தரும். முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே பகத் சிங் திந்த் தலைப்பாகையோடு அமெரிக்கத் தரைப்படையில் இருந்தார். பிற்காலத்தில் சீக்கியருக்கு நடைமுறையில் இருந்த விலக்கு 1981இல் நீக்கப்பட்டது. ஏற்கெனவே பணியிலிருந்த சிலர் மட்டும் தொடர்ந்தார்கள். 1986இல், விமானப்படையில் இருந்த யூத அதிகாரி ஒருவர் தம் சிறு தொப்பிக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் படையின் பக்கம் தீர்ப்பளித்தது. அதை மாற்ற மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டமியற்றி, ஒழுங்கான, எடுப்பாகத் தெரியாத மத உடைகளுக்கு இடம் தந்தது. 1993இல் வந்த மதச் சுதந்திர மீட்புச் சட்டமே இன்றைய அடித்தளம்: ஒருவரின் மத ஒழுக்கத்துக்கு அரசு கணிசமான தடை போடுமானால், தவிர்க்க முடியாத தேவை இருப்பதையும், அத்தேவையை நிறைவேற்ற அதைவிடக் குறைந்த தடையுள்ள வழி இல்லை என்பதையும் அரசே நிறுவ வேண்டும். நிறுவும் சுமை விண்ணப்பிப்பவர் தலையில் இல்லை என்பதுதான் இதில் முக்கியம்.

நான்காவது ஆண்டு 2015. மாணவர் படைப் பயிற்சியில் சேர முயன்ற இக்னூர் சிங்கின் வழக்கில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2007 முதல் மருத்துவக் காரணங்களுக்காகத் தரைப்படை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாடி விலக்குகளை வழங்கியிருந்த செய்தி அந்த வழக்கில் வெளிவந்தது. சவரம் செய்தால் தோல் புண்ணாகிறது என்பவருக்குக் கொடுக்க முடிந்ததை, நம்பிக்கை புண்படுகிறது என்பவருக்கு ஏன் கொடுக்க முடியாது என்ற கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. 2017 ஜனவரியில் தரைப்படைச் செயலர் எரிக் ஃபானிங் கையெழுத்திட்ட ஆணை, விலக்கு வழங்கும் அதிகாரத்தைப் பிரிகேட் தளபதி அளவுக்குக் கீழே கொண்டுவந்து, விலக்கு பணிக்காலம் முழுவதும் செல்லும் என்றும் ஆக்கியது. ஒப்புதல் தரும் நிலை அதன்பின் மாறியிருக்கிறது. எனவே நடப்பில் உள்ள தரைப்படை விதி 600-20ஐ ஆள்சேர்ப்பு அலுவலரிடம் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.

விண்ணப்பம்

ஆள்சேர்ப்பு அலுவலரைச் சந்திக்கும் முதல் நாளே தலைப்பாகையோடு போக வேண்டும். மத விலக்கு வேண்டும் என்பதை அன்றே சொல்லிவிடவும் வேண்டும். 'முதலில் சேர்ந்துவிடுங்கள், மற்றதைப் பயிற்சி முகாமில் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லை நம்பி எதிலும் கையெழுத்திட வேண்டாம். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லக்கூடும். ஆனால் பயிற்சி முகாமில் முடி வெட்டுபவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அந்த நல்லெண்ணத்தை எடுத்துக் காட்ட முடியாது. படையில் சேருமுன் விண்ணப்பித்து, முடிவு எழுத்தில் வந்தபின் சத்தியப் பிரமாணம் எடுப்பதே பாதுகாப்பான வரிசை. ஏற்கெனவே பணியில் இருப்பவர் தம் நேரடிக் கட்டளை அதிகாரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம், மிஞ்சிப்போனால் ஒன்றரைப் பக்கம் போதும். எதெதற்கு விலக்கு வேண்டும், அந்த அடையாளம் தமக்கு ஏன் கட்டாயமானது, எவ்வளவு காலமாகக் கடைப்பிடிக்கிறார், தலைக்கவசமும் நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடியும் அணிய ஆயத்தமாக இருக்கிறாரா என்பன அதில் இருக்க வேண்டும். குருவாணி என்னும் குருமார் பாடல்களிலிருந்து நீண்ட மேற்கோள்கள் தேவையில்லை. கடிதத்தைப் படிக்கப்போகிறவர் சமய அறிஞர் அல்லர், ஒரு படை அதிகாரி. 'நான் பிறந்தது முதல் என் முடி வெட்டப்பட்டதில்லை' என்ற ஒரு வரி, ஒரு பத்தித் தத்துவத்தைவிட அவருக்கு எளிதாக விளங்கும். குருத்வாராவில் மறைநூல் ஓதும் கிரந்தியிடமிருந்து ஒரு கடிதமும், சிறு வயதிலிருந்து எடுத்த இரண்டு மூன்று நிழற்படங்களும் இணைத்தால் கோப்பு கனமாகும்.

ஒரு காலத்தில் முடி வெட்டிக்கொண்டவர், அல்லது கால்சாவில் சேரும் சடங்கான அம்ருதம் முறையாகப் பெறாதவர், தமக்கு உரிமையில்லை என்று பின்வாங்கிவிடுவதைக் கேள்விப்படுகிறோம். அது தேவையில்லாத தயக்கம். சட்டம் கேட்பது நம்பிக்கை உண்மையானதா என்பதை. ஒருவர் ஒருநாளும் வழுவாதவரா என்பதை அன்று. சிம்ரத்பால் சிங் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் மழித்த முகத்தோடு பணியாற்றியவர்தாம். இப்படிப்பட்டவர் அந்தக் காலத்தை மறைக்காமல் இரண்டு வரியில் நேர்மையாக எழுதிவிடுவது நல்லது. மறைத்தால் நேர்காணலில் அதுவே முதல் கேள்வியாக வரும்.

நேர்காணல் செய்பவர் படையின் மதகுரு. அவர் பெரும்பாலும் கிறித்தவராக இருப்பார். சீக்கிய நெறியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அவர் வேலை நம்பிக்கையின் அடிப்படையையும் உண்மைத்தன்மையையும் மதிப்பிட்டுக் குறிப்பு எழுதுவது. அங்கே சொல்வதெல்லாம் கோப்பில் ஏறும் என்று எண்ணியே பேச வேண்டும். அன்றாடத்தைச் சொல்லலாம்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்து முடி சீவுகிறார், தலைப்பாகையைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது, பள்ளியில் அதற்காக என்ன கேலி கேட்டார், அப்போதும் ஏன் விடவில்லை. பிறகு சட்ட அலுவலர் பார்வையிட்டு, கோப்பு மேலே செல்லும். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு மேலே எதுவும் செய்ய இயலாது. இந்த நிலையில் சீக்கியர் உரிமைக்காக இயங்கும் சீக் கோயலிஷன் போன்ற அமைப்புகள் கட்டணமின்றிச் சட்ட உதவி செய்கின்றன. 2009இல் மருத்துவர் கமல்ஜீத் சிங் கல்சியும் பல் மருத்துவர் தேஜ்தீப் சிங் ரத்தனும் விலக்குப் பெற்றதிலிருந்து இந்த வழக்குகளில் அந்த அமைப்பின் பங்கு பெரிது.

விலக்கு கிடைத்தபின் எப்படி இருக்க வேண்டும்

ஆணையில் அளவுகள் துல்லியமாக இருக்கும். 2017 ஆணையின்படி தாடி மோவாயின் அடியிலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் தொங்கக் கூடாது. அதற்கு மேல் நீளமுள்ளதை வெட்ட வேண்டியதில்லை, சுருட்டிக் கட்டி அந்த அளவுக்குள் அடக்கினால் போதும். மீசை மேலுதட்டை மறைக்கக் கூடாது. தலைப்பாகை சீருடைக்கு ஒத்த அடங்கிய நிறத்தில், சித்திர வேலைப்பாடு இல்லாமல் இருக்க வேண்டும். களச் சீருடைக்கு அதே புள்ளித் துணியிலும் கட்டலாம். தொப்பியில் குத்த வேண்டிய பதவிச் சின்னம் தலைப்பாகையின் முன்புறத்துக்கு வந்துவிடும். துணியை முன்கூட்டியே, ஒரே சாயத் தொகுதியில், குறைந்தது மூன்று வாங்கிவைப்பது நல்லது. ஒன்று துவைப்பில், ஒன்று தலையில், ஒன்று மூட்டையில் என்று கணக்கு. பயிற்சி முகாமில் எழுப்பும் நேரத்துக்கும் வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் இடையே சில நிமிடங்களே கிடைக்கும். முழுத் தலைப்பாகையைக் கட்ட அந்த நேரம் பத்தாது. அடியில் கட்டும் சிறு துணியான பட்காவை இரண்டே நிமிடத்தில் இறுக்கிக் கட்ட, வீட்டிலேயே விளக்கை அணைத்துவிட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

தாடியைச் சுருட்டுவதில் கைப்பழக்கம் வேண்டும். ஈரமான தாடியைச் சீவிச் சிறிது பசை தடவி, இரு பக்கத்து முடியையும் மோவாய்க்கு அடியில் சேர்த்து முறுக்கி உள்பக்கமாக மடித்துச் செருக வேண்டும். அதன்மேல் தாட்டா என்னும் துணிப்பட்டையைக் காதுகளுக்கு மேலாக இழுத்துக் கட்டி, கால் மணி நேரம் விட்டால் படிந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் காலணிக்குப் பளபளப்பு ஏற்றலாம்.

தலைக்கவசமும் முகமூடியும்

படை முன்வைக்கும் மறுப்புகளில் மிகக் கனமானவை இவ்விரண்டும்தான். தலைக்கவசத்தில் இடையூறு கொண்டையே. கேசத்தை உச்சந்தலையில் முடிவது வழக்கம். கொண்டை ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தாலும் கவசம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும், புருவத்தை ஒட்டி நிற்க வேண்டிய விளிம்பு நெற்றி நடுவுக்குப் போய்விடும், ஓடினால் ஆடும். ஆகவே முடியை இறுக்கி உருட்டாமல், தளர முறுக்கி, உச்சியைச் சுற்றி அடைபோலத் தட்டையாகப் பரப்பிவிட்டு, மெல்லிய பருத்திப் பட்காவை அதன்மேல் இறுக்க வேண்டும். கவசத்தின் உட்புறத்துப் பஞ்சணைகள் ஒட்டுப்பட்டையால் பொருத்தப்பட்டவை, இடம் மாற்றக்கூடியவை. ஆனால் எதையும் தாமே கழற்றி எறியக் கூடாது. கிடங்கு அலுவலர் முன்னிலையில் மாற்றி, வேண்டுமானால் ஓர் அளவு பெரிய கவசமும் கேட்கலாம். பின்பு தாடைப்பட்டையை மாட்டித் தலையை நாற்புறமும் அசைத்துப் பார்க்க வேண்டும். அதோடு நில்லாமல், துப்பாக்கியோடு குப்புறப் படுத்து நிமிர்ந்து பார்க்க வேண்டும்: பின்கழுத்தில் உடற்கவசம் முட்டி, தலைக்கவசம் கண்ணின் மேல் சரிகிறதா என்பது படுத்தால்தான் தெரியும்.

தலைக்கவசமே கூடாது என்று கருதும் சீக்கியரும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். உலகப்போர்களில் சீக்கியர் இரும்புக் கவசத்தை மறுத்துத் தலைப்பாகையோடே போரிட்டார்கள். 2023 ஜனவரியில் இந்தியத் தரைப்படை, கொண்டைக்கு இடம் விட்டு வடிவமைத்த 12,730 கவசங்களை வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு எதிர்த்தது. அமெரிக்கப் படையில் இருப்பவர்கள் பட்காவின் மேல் கவசம் அணிகிறார்கள். விண்ணப்பிப்பவர் தம் மனச்சாட்சிக்கு எது சரி என்பதைக் கடிதம் எழுதுமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கவசமும் வேண்டாம் என்றால் அனுமதி கிடைப்பது மிக அரிது என்பதே என் கணிப்பு.

முகமூடி விஷயத்தில் மழுப்பாமல் பேசுவது நல்லது. இறுக்கமாகப் பொருந்தும் முகமூடியின் விளிம்புக்கும் தோலுக்கும் இடையே முடி இருந்தால் கசிவு கூடும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளும் ஏற்றுக்கொண்ட பொது உண்மை. அதே வேளையில், 2010இல் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் ரத்தன் தாடியோடே முகமூடியைக் கசிவின்றிப் பொருத்திக் காட்டித் தேறினார் என்பதும் உண்மை. கனடாவின் பாதுகாப்பு அமைச்சராகப் பின்னாளில் உயர்ந்த ஹர்ஜித் சஜ்ஜன், படையில் இருந்தபோது தம் தாடிக்கு ஏற்ற முகமூடியைத் தாமே வடிவமைத்துக்கொண்டார். எனவே 'முடியவே முடியாது' என்பதும் தவறு, 'எல்லோருக்கும் முடியும்' என்பதும் தவறு. தமக்கு முடியுமா என்பதை விண்ணப்பிப்பவர் சோதித்தே அறிய வேண்டும்.

சோதிக்குமுன் மோவாய்க்கு அடியிலுள்ள சுருளை அவிழ்த்துவிட வேண்டும். முகமூடியின் மோவாய்க் கிண்ணம் அந்த உருண்டையின் மேல் உட்காராது. தாடியைத் தட்டையாகக் கீழ்நோக்கி வாரி, முகமூடியை மாட்டிப் பட்டைகளை இரு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். பிறகு வடிகட்டியின் வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். முகமூடி கன்னத்தோடு ஒட்டிச் சுருங்கி அப்படியே நின்றால் பொருந்தியிருக்கிறது. காதோரம் சில்லென்று காற்று நுழைவது தெரிந்தால் இல்லை. இந்தக் கைச்சோதனையோடு திருப்தியடையாமல், துகள்களை எண்ணிக் கசிவை அளக்கும் எம்41 கருவியில் சோதிக்கும்படி கேட்டு, அந்த அளவீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் எவர் வாதத்தையும்விட அந்த எண் பலமானது. சோதனை எல்லோருக்கும் பொதுவானதா, தமக்கு மட்டும் தனியாக ஏவப்பட்டதா என்பதையும் கவனிக்க வேண்டும். 2016இல் சிம்ரத்பால் சிங்குக்கு மட்டும் கூடுதல் சோதனை விதிக்கப்பட்டபோது, நீதிபதி பெரில் ஹோவல் அதைத் தடுத்து நிறுத்தினார். வேதித் தாக்குதல் அச்சம் குறிப்பாகவும் உறுதியாகவும் எழும் களத்தில் விலக்கு நிறுத்தி வைக்கப்படலாம் என்ற நிபந்தனை ஆணையிலேயே உண்டு. அதைப் படிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மற்றப் படைகளும் இன்றைய காற்றும்

விமானப்படை 2020இல் தன் உடை விதியிலேயே வழிமுறையைச் சேர்த்தது. மரீன் படை கடைசிவரை இறங்கி வரவில்லை. பயிற்சி முகாமின் 13 வாரங்களில் தாடி கூடவே கூடாது என்று நின்றது. தோல் நோய்க்குத் தாடி அனுமதித்துவிட்டு மதத்துக்கு மறுப்பது பொருந்தவில்லை என்று 2022 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபின், ஜஸ்கிரத் சிங் 2023 ஆகஸ்டில் சான் டியேகோ முகாமில் தலைப்பாகையும் தாடியுமாகப் பயிற்சியை முடித்து வெளிவந்தார்.

2025 செப்டம்பர் 30 அன்று பாதுகாப்புச் செயலர் பீட் ஹெக்செத் குவான்டிகோவில் தளபதிகளைக் கூட்டித் தாடிகளுக்கு எதிராகப் பேசினார். தாடி, மீசை பற்றிய தரத்தை 2010க்கு முந்தைய நிலைக்குத் திருப்பும் குறிப்பாணையும் வெளியானது. விலக்கு கோருபவரின் நம்பிக்கை உண்மையானதா என்று இனி மேலும் கடுமையாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் குறிப்பாணையால் 1993 சட்டத்தை அழிக்க முடியாது. ஆதலால் இன்று விண்ணப்பிப்பவர் மேலே சொன்ன கோப்பை இரு மடங்கு கவனத்தோடு தயாரிப்பதுதான் வழி. அவசரப்பட்டு ஆள்சேர்ப்பு அலுவலரின் தேதிக்கு ஒத்துக்கொள்வது வழியன்று.

அனுமதி ஆணை வந்ததும் நான்கு நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் கைபேசியிலும் ஒன்றைப் பணிக்கோப்பிலும் வைத்துக்கொள்ள வேண்டும். நான்காவதை நெகிழித் தாளுறையில் இட்டுச் சட்டையின் இடப் பையில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு புதுப் பாசறையிலும் முதல் நாள் காலை வரிசையில், அந்த ஆணையைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு சார்ஜென்ட் எதிரே வந்து நின்று, தலைப்பாகையைப் பார்த்துக் குரலை உயர்த்துவார். அப்போது வாதாட வேண்டாம். விறைப்பாக நின்றபடியே உறையை எடுத்து நீட்டினால் போதும்.